ஜாமீனும் தண்டமும்: நாம் அறிய வேண்டிய சில சொற்கள்

நண்பர் வீட்டு விருந்து முடிந்து, இரவு நேரத்தில் மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு வண்டியோட்டி வரும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வழியில் போலீசாரின் நாக்காபந்தி. கருவியில் ஊதச் சொல்கிறார்கள்; ஊதுகிறார். அதன்பின் அவர் செவியில் விழுவன எல்லாம் சட்ட மராத்திச் சொற்கள். நம்மில் பலர் அறிந்ததோ கடைவீதி மராத்தி!

மது அருந்தி வண்டியோட்டியது பிழையே. அதற்காக நாம் வாதாட வரவில்லை. ஆயினும், பொருள் விளங்காத சொல்லுக்குத் தலையசைப்பது பிழையின்மேல் பிழையாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது காணப்பட்டால் குற்றம். முதன்முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையாயின் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இக்குற்றத்துக்காகப் பிடியாணையின்றிக் கைது செய்தால், 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும்.

இனிச் சொற்களைக் காண்போம். 'ஆரோபி' என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி அல்லர். 'பஞ்சநாமா' என்பது சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பதிவு. 'ஜாமீன்' தமிழிலும் மராத்தியிலும் ஒன்றே. 185ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனில் விடத்தக்கது. ஆகவே அங்கே ஜாமீன் சலுகையன்று, உரிமை. 'தண்ட்' என்றால் அபராதம். 'குன்ஹா கபூல்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல். விரைவில் வீடு திரும்பும் ஆவலில், "பணத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது" என்று நீதிமன்றத்தில் 'கபூல்' சொல்பவர் உண்டு. அது ரசீதோடு முடிவதன்று. குற்றத் தீர்ப்பாகப் பதிவில் நிற்கும். அடுத்த முறை அகப்பட்டால் அதுவே 'மறுமுறை' ஆக்கிவிடும்.

ஒரு சொல்லின் கனம் எத்தகையது என்பதைத் தாராவிக்கு அண்மையிலுள்ள பாந்திராவில் நடந்த ஒரு வழக்கு காட்டும். 2006 நவம்பர் 12 விடியற்காலை, கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் மீது கார் ஏறியது. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். விசாரணை நீதிமன்றம் அதைக் 'கவனக்குறைவால் விளைந்த மரணம்' என்று கொண்டு 6 மாதச் சிறை விதித்தது. 2007இல் உயர்நீதிமன்றம் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று கொண்டு 3 ஆண்டாக்கியது. 2012இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. விளையும் கேட்டை அறிந்திருந்தாரா என்பதே இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 106, 105 பிரிவுகளில் அமைந்துள்ளன. பின்னது ஜாமீனில் விடத்தகாதது. அதன் பொருள் ஜாமீனே இல்லை என்பதன்று. நீதிமன்றம் மனம்வைத்தால் மட்டுமே கிட்டும் என்பதாகும்.

ஆதலின் அன்பர்களே, மூன்றினை மனத்தில் கொள்க. கைதின் காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு உரிமை தருகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அப்பிரிவே. காவலில் இருப்பவர், பணமில்லாவிடினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞரைக் கோரலாம்.

விளங்காத தாளில் கையொப்பமிடுமுன், "இதன் பொருள் என்ன?" என்று கேட்பதில் வெட்கமில்லை. விருந்துக்குச் சென்ற நாளில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலேறினால், அக்கேள்விக்கே இடமில்லை.