பெஞ்சில் உட்காரும் பிள்ளை எதை இழக்கிறது?

அமெரிக்காவில் 10 வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து ஆட்டம் 50 நிமிடம். களத்தில் ஓர் அணிக்கு 7 பேர். அணிப் பட்டியலில் அதிகபட்சம் 12 பேர். 7 பேருக்கும் சேர்த்து மொத்தம் 350 நிமிடம் இருக்கிறது. அதைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 29 நிமிடம் வரும். ஆனால் போட்டி லீகுகளில் பெரும்பாலும் இப்படிப் பங்கிடுவதில்லை. கெட்டிக்காரர்கள் என்று கோச் நினைக்கும் ஐந்தாறு பேர் ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆடுவார்கள். மற்றவர்களுக்கு எட்டு நிமிடம், பத்து நிமிடம். அதுவும் 4-0 என்று ஆட்டத்தின் முடிவு தெரிந்த பிறகு. ஒரு பருவத்துக்கு 20 ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிள்ளை 900 நிமிடம் ஆடியிருக்கும். அதே பனியன் போட்ட இன்னொரு பிள்ளை 200 நிமிடம்தான் ஆடியிருக்கும். இரண்டு வீட்டிலும் கட்டிய பணம் ஒன்றுதான். அங்குள்ள பல கிளப்புகளில் அது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர்.

திறமை உள்ள பிள்ளை ஆடுகிறது, இதில் என்ன அநியாயம் என்று கேட்பார்கள். பத்து வயதில் கோச்சின் கண்ணுக்குப் படுவது திறமைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி குடும்பத்தோடு ஐஸ் ஹாக்கி பார்க்கப் போயிருந்தார். அவருடைய மனைவி பாலா, கையிலிருந்த நிகழ்ச்சிக் கையேட்டில் வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்து வியந்தார். எங்கு பார்த்தாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயது கணக்கிடும் தேதி ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குத்தான் போட்டியிடுகிறார்கள். பத்து வயதில் அந்தப் பதினோரு மாத இடைவெளி வாழ்நாளில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், சொன்னதைச் சீக்கிரம் புரிந்துகொள்வான். கோச் அதைத் திறமை என்று குறித்துக்கொள்வார். பார்ன்ஸ்லியின் ஆய்வு 1985இல் வெளிவந்தது.

கால்பந்திலும் இதே கதைதான் என்பதற்குப் பெல்ஜியத்தில் அசைக்க முடியாத சான்று கிடைத்தது. அங்கே 1997இல் வயதுக் கணக்கின் தொடக்கத் தேதியை ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றினார்கள். லூவன் பல்கலைக்கழகத்தின் வெர்னர் ஹெல்சன் குழு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இளையோர் அணிப் பட்டியல்களை ஒப்பிட்டது. முன்பு ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த பிள்ளைகள் அணியில் நிறைந்திருந்தார்கள். பிறகு அந்த இடத்தை ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஒரு தேதியை மாற்றியதும் நாட்டின் ‘திறமைசாலிகள்’ மாறிவிட்டார்கள்.

பிறந்த மாதமாவது சான்றிதழில் இருக்கிறது. உடல் முதிர்ச்சி எந்தச் சான்றிதழிலும் இல்லை. ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும், பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். இது சராசரிதான். சிலருக்கு இரண்டு ஆண்டு முன்னால் வரும், சிலருக்கு இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். நம் நாட்டில் வயது மோசடியைப் பிடிக்க மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுவார்கள் அல்லவா? அப்படி அளந்தால், ஒரே நாளில் பிறந்த இரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் எலும்பு வயதில் நான்கைந்து ஆண்டு வித்தியாசம் இருக்க வாய்ப்புண்டு. ஒருவன் மீசை அரும்பிய இளைஞன், மற்றவன் இன்னும் சிறுவன். இருவரையும் மோதவிட்டு, தோற்றவனுக்குக் கால்பந்து வராது என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

தீர்ப்பு தவறாக இருந்தாலும் காலம் அதைத் திருத்திவிடும் என்று ஆறுதல் கொள்ள முடியாது. பெஞ்ச் அந்தத் தீர்ப்பை உண்மையாக்கிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அதுதான். 900 நிமிடம் ஆடியவன் அடுத்த பருவத்தில் நிஜமாகவே மேலான ஆட்டக்காரனாக வந்து நிற்கிறான். 200 நிமிடம் ஆடியவன் நிஜமாகவே பின்தங்கிவிடுகிறான். நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்கிறார் கோச்.

பயிற்சிக்குத் தவறாமல் வருகிறார்களே, அங்கே கற்றுக்கொள்ளலாமே என்றால், ஆட்டத்தில் மட்டுமே பழகக்கூடிய சில உண்டு. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்கள் பந்து வருவதற்கு முன்பே என்ன செய்கிறார்கள் என்று வீடியோவில் கவனித்தார். அவர்கள் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, மறுபக்கம் ஒரு பார்வை என்று ஓயாமல் களத்தை அளக்கிறார்கள். பந்து காலுக்கு வரும்போது அடுத்த பாஸ் யாருக்கு என்பது தெரிந்திருக்கிறது. பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி ஓடும் பயிற்சியில் இந்தப் பழக்கம் வராது. பின்னாலிருந்து ஒருவன் பந்தைப் பறிக்க வருகிறான் என்ற நெருக்கடி இருந்தால்தான் கழுத்து திரும்பும்.

இதில் நஷ்டம் சின்னப் பிள்ளைக்கு மட்டுமல்ல. பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங், இங்கிலாந்து பிரீமியர் லீகோடு சேர்ந்து வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்துப் பார்த்தார். முந்தி வளர்ந்த பையன்கள் தங்களை ஒத்த உடல்வாகு கொண்டவர்களோடு மோதியபோது, தள்ளிவிட்டு ஓடும் உத்தி பலிக்கவில்லை. யோசித்து ஆட வேண்டியிருந்தது என்று சொன்னார்கள். பிந்தி வளர்ந்த பையன்களோ தலைமை ஏற்று ஆடினார்கள்.

ஹாரி கேன் ஜூலைக் கடைசியில் பிறந்தவர். இங்கிலாந்தில் வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்குவதால் எப்போதும் அணியின் கடைக்குட்டிகளில் ஒருவர். எட்டொன்பது வயதில் ஆர்சனல் அவரை வேண்டாம் என்று அனுப்பியது. இன்று இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். அவர் தப்பிப் பிழைத்தார். பெயர் தெரியாமல் பந்தைப் பரணில் போட்டவர்கள் எத்தனை பேரோ!

பிள்ளைகளை அவசரப்பட்டுத் தரம் பிரிக்கக் கூடாது என்பதை நார்வே விளையாட்டு விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. 1987இல் சிறுவர் விளையாட்டுக்கு விதிகள் வந்தன. 2007இல் குழந்தைகளின் விளையாட்டு உரிமைகள் என்ற பெயரில் விரிந்தன. 11 வயது ஆகும் ஆண்டுவரை தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ கிடையாது. 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. பிரைன் என்ற சிற்றூரின் கிளப்பில் ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் என்ற கோச்சிடம் சுமார் 40 பிள்ளைகள் சேர்ந்தே வளர்ந்தார்கள். வடிகட்டி வெளியே அனுப்பும் வழக்கம் அங்கில்லை. அந்தக் கூட்டத்தில், பதினைந்து வயதுவரை ஒல்லியும் குட்டையுமாக இருந்த ஒரு பையனின் பெயர் எர்லிங் ஹாலண்ட். நார்வேயின் விளையாட்டு வெற்றிக்குப் பனியும் பணமும்கூடக் காரணம்தான். ஆனால் சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. சமமாக ஆடவிட்டால் போட்டி மனப்பான்மை செத்துவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜெர்மனியில் அந்த வாதம் உரக்கவே எழுந்தது. 11 வயதுக்கு உட்பட்டோருக்குச் சிறு களம், சிறு கோல், புள்ளிப் பட்டியல் இல்லை, வரிசைப்படி எல்லோரையும் களமிறக்குவது என்று 2024-25 பருவத்தில் புதுமுறை கட்டாயமானது. அதற்கு முன்பே டார்ட்மண்ட் கிளப்பின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஹான்ஸ்-யோவாகிம் வாட்ஸ்கே அதைக் கேலி செய்து எதிர்த்தார். தோல்வி என்றால் என்னவென்று பிள்ளைகள் அறிய வேண்டாமா என்ற கவலை நியாயமானதே. ஆனால் தோற்கவும் களத்தில் இருக்க வேண்டும். பெஞ்சில் இருப்பவனுக்குத் தோல்வியில்கூடப் பங்கில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடமே எது சந்தோஷம் தருகிறது என்று கேட்டார். 81 காரணங்கள் தேறின. முழு முயற்சியோடு ஆடுவதும் அன்பாகக் கற்றுத்தரும் கோச்சும் மேலே இருந்தன. வெற்றி 48ஆம் இடத்தில்.

நிமிடங்களை மட்டும் எண்ணிப் பங்கிட்டாலும் போதாது. 25 நிமிடம் கொடுத்து, எப்போதும் டிஃபென்ஸின் ஓரத்திலேயே நிறுத்திவைத்தால் பந்தே கிட்டாது. கோல்கீப்பர் உட்பட எல்லா இடமும் சுற்றிவர வேண்டும். சமநிலையில் இருக்கும் கடைசி ஐந்து நிமிடமும் எல்லோருக்கும் முறைபோட்டு வர வேண்டும். பதினைந்து வயதுக்கு மேல், தானாக விரும்பிப் போட்டிக் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தவர்களிடையே தகுதி பார்த்து அணி அமைப்பதை நான் எதிர்க்கவில்லை. பத்து வயதில் அந்தப் பேச்சே கூடாது.

நம் ஊர்களிலும் வாரக்கடைசிக் கால்பந்து அகாடமிகள் பெருகிவிட்டன. பிள்ளையைச் சேர்க்கும்போது கோப்பைகள் அடுக்கிய அலமாரியைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஆடும் நேரத்தைப் பற்றி. அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு, ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதே உறுதியைப் பணம் கட்டும் முன் உங்கள் அகாடமியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.