ஒட்டிப் பிழைக்கும் எட்டுக்கால்கள்: தெரியுமா உங்களுக்கு?

ஸ்ரீரங்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைகிறீர்கள். அங்கே எத்தனை வகைச் சிற்றுண்ணிகள் ஒட்டிப் பிழைக்கக்கூடும் தெரியுமா? குரும்பையின் மூடி இதழுக்குள் ஒன்று, ஓலையின் அடிப்பக்கம் ஒன்று, பல்லியின் செதில் இடுக்கில் ஒன்று, வௌவாலின் இறக்கையில் ஒன்று. ஏன், அதையெல்லாம் பார்க்கும் உங்கள் இமை மயிரின் வேரில்கூட ஒன்று!

இவை பூச்சிகளே அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. பெயர் சூட்டப்பட்ட இனங்கள் மட்டும் 50,000-க்கு மேல். நம் மாட்டு உண்ணியும் தேனீயைப் பிடிக்கும் வரோவாவும் ஒரு பெருங்கிளை. சொறி சிரங்கு தருவதும் தென்னையைத் தாக்குவதும் இன்னொரு பெருங்கிளை. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவைதானா என்று விலங்கியலாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பிற உயிரை ஒட்டி வாழும் வழக்கமும் இவற்றில் ஒரே தடவை தோன்றவில்லை, பலமுறை தனித்தனியே தோன்றியது!

முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், வளர்ந்தபின் எட்டு. இதுதான் பொதுவிதி. ஆனால் தேங்காய் மட்டையில் பழுப்புத் தழும்பு விழச் செய்யும் ஈரியோபைட் சிற்றுண்ணிக்கு ஆயுள் முழுக்க நான்கே கால்கள், தெரியுமா? மெக்சிகோவின் குரெரோ மாநிலத்துத் தேங்காயில் கண்டு, 1965-இல் ஆய்வாளர் கெய்ஃபர் இதற்குப் பெயரிட்டார். 1998-இல் கேரளத்தில் தென்பட்டது; அங்கிருந்து தமிழகத் தோப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. கால் மில்லிமீட்டர் நீளம்தான். குரும்பையின் காம்போரம் மூடியிருக்கும் இதழ்களுக்குள் புகுந்துகொண்டால் அந்த இடுக்குக்குள் பெரிய எதிரியும் நுழைய முடியாது, மருந்துத் தெளிப்பும் எளிதில் எட்டாது. காய் சிறுத்துப்போகும், மட்டை உரிப்பதற்குள் கை வலித்துவிடும்.

அதே மரத்தின் ஓலையில் நடப்பது இன்னும் பெரிய அதிசயம். செந்நிறப் பனைச் சிற்றுண்ணி, ராவோயெல்லா இண்டிகா. 1924-இல் ஆய்வாளர் ஹர்ஸ்ட் இதை உலகுக்கு அறிவித்தது எந்த ஊர்த் தென்னையிலிருந்து தெரியுமா? நம் கோயம்புத்தூர்! இலை மூச்சுவிடும் துளைகள் வழியாகவே வாயை நுழைத்துச் சாறு உறிஞ்சும். 2004-இல் கரீபியன் தீவான மார்டினிக்கில் தலைகாட்டியது. அந்தப் பக்கத்தில் பரவியபோது தென்னையோடு நிற்காமல் வாழையிலும் பெருகியது. தென்னையும் வாழையும் தோளோடு தோள் நிற்கும் காவிரிக்கரைக்காரர்கள், தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் தங்கள் ஊரிலேயே வைத்திருக்கும் திருச்சிக்காரர்கள், அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது.

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிறீர்களா? தட்டான்களையும் கவனியுங்கள். சில தட்டான்களின் வயிற்றில் சிவப்பு மணிகள் கோத்ததுபோல் தெரியும். நீர்ச்சிற்றுண்ணியின் குஞ்சுகள் அவை! தட்டான் நீருக்குள் இளசாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும், அது சட்டை உரித்துச் சிறகு விரிக்கும் நொடியில் புது உடம்புக்குத் தாவும், உறிஞ்சிக்கொண்டே பறக்கும், தட்டான் முட்டையிட நீருக்குத் திரும்பும்போது நழுவி இறங்கிவிடும். எவ்வளவு துல்லியமான கணக்கு!

அமெரிக்க அந்துப்பூச்சிகளின் காதில் குடியேறும் ஒரு சிற்றுண்ணி, இரண்டு காதில் ஒன்றை மட்டுமே கெடுக்கும், தெரியுமா? மறுகாது கேட்டால்தானே வௌவால் வருவது பூச்சிக்குத் தெரியும்? பூச்சி பிழைத்தால்தான் சிற்றுண்ணியும் பிழைக்கும். 1950-களில் ஆய்வாளர் ஆஷர் ட்ரீட் இதைக் கண்டு எழுதினார்.

வரோவாவோ எல்லை தாண்டிய கதை. பெட்டியில் நாம் வளர்க்கும் இந்தியத் தேனீயில் அது பெரும்பாலும் ஆண் புழுக்களில்தான் பெருகும், கூடு தாக்குப்பிடித்துவிடும். ஐரோப்பியத் தேனீக்குத் தாவியதும் வேலைக்காரத் தேனீக்களின் புழுக்களிலும் பெருகிக் கூடுகளையே அழித்தது.

மனிதனுக்கோ சொந்தமாகவே உண்டு. முகத்து மயிர்க்குழியில் ஒரு டெமோடெக்ஸ் இனம், பக்கத்து எண்ணெய்ச் சுரப்பியில் இன்னொரு இனம். சிரங்குக்குக் காரணம் ஒரு சிற்றுண்ணி என்று 1687-லேயே இத்தாலியின் பொனோமோ எழுதிவிட்டார். நாயின் சொறிச் சிற்றுண்ணி நம் தோலில் அரிப்பு தரும், ஆனால் வம்சம் வளர்க்காது.

கடைசியாக, உயிரைக் காக்கும் ஒரு தெரியுமா. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணி, வாழ்நாளில் குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒருமுறைதான் எலி, மூஞ்சூறு போன்றவற்றைக் கடிக்கும். குறுக்கே வந்தால் நம்மையும். வளர்ந்தபின் மண்ணில் சிற்றுயிர்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வாழும். ஒருமுறைதான் கடிக்கும் என்றால் கிருமி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக! ரத்தம்கூடக் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். திருச்சி உட்படத் தமிழகத்தின் பல மாவட்டங்களில் இந்தக் காய்ச்சல் உண்டு, மழையும் குளிரும் சேரும் மாதங்களில் அதிகம். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையிலான ஆய்வு 2023-இல் காட்டியது.

கடித்த இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று தோன்றலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என மறைவான இடங்களில். எல்லோருக்கும் அது வராது. ஆகவே புதர், வயல், தோப்புப் பக்கம் போய்வந்த பின் காய்ச்சல் விடாமல் அடித்தால், உடம்பை முழுக்கப் பாருங்கள். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.