உஷார்! தேறிய பெரியவரைக் கட்டிலிலேயே வைக்காதீர்கள்

வீட்டில் எழுபது வயதைத் தொட்ட அப்பாவோ அம்மாவோ இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். காய்ச்சலில் நாலு நாள் படுத்தவருக்கு உடம்பு சரியாகிவிட்டது. ஆனாலும் நாம் விடுவதில்லை. "நீங்க எழுந்துக்காதீங்கப்பா, என்ன வேணுமோ கைக்கே கொண்டு வந்து தர்றோம்" என்று இன்னும் பத்து நாள் கட்டிலிலேயே வைத்திருக்கிறோம். பாசத்தில்தான் செய்கிறோம். ஆபத்து அந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நோய்நொடி இல்லாத பெரியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆய்வு செய்தார்கள். சராசரி வயது 67. வேளாவேளைக்குச் சாப்பாடும் கொடுத்தார்கள். அப்படியும் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துபோனது. இது 2007-ல் வெளியான ஆய்வு. நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நோயில் துவண்டவருக்கு என்ன ஆகும்?

நாற்காலியிலிருந்து நம்மைத் தூக்கி நிறுத்துவது தொடைத் தசை. நள்ளிரவில் பாத்ரூம் வாசலில் கால் இடறினால் விழாமல் தாங்குவதும் அதுதான். அது தேய்ந்தால் அடுத்தது விழுவது, இடுப்பு எலும்பு முறிவது, மறுபடியும் படுக்கை.

"இந்த வயசுல எக்சர்சைஸா?" என்று கேட்பவர்களுக்கு மரியா ஃபியாட்டரோனியின் ஆய்வைச் சொல்ல வேண்டும். முதியோர் மருத்துவரான இவர், பின்னாளில் சிட்னி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்களை இவர் பயிற்சிக்கு அழைத்தார். எல்லோரும் 86 முதல் 96 வயதுக்காரர்கள், பலவீனமானவர்கள், பல நோய்களோடு இருந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது சும்மா கையைக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடை தூக்க வேண்டும், அதுவும் அவரவரால் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதம் வரை. வாரம் மூன்று நாள், எட்டு வாரம், பக்கத்திலேயே கண்காணிப்பு. 1990-ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறு வயதிலும் தசை வளரும்! இது தெரிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், "வயசாச்சு, ஓய்வெடுங்க" என்பதைத்தானே நாம் இன்னும் வைத்தியமாக நினைக்கிறோம்? எனக்கு இது தாங்கவே முடியவில்லை.

இன்னொரு உஷார், சத்துப் பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். 1994-ல் ஃபியாட்டரோனியே நூறு பேரை வைத்துச் செய்த ஆய்வில், எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலுவும் நடையின் வேகமும் கூடின. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு இரண்டும் கூடவில்லை. காலையில் காலாற நடப்பது இதயத்துக்கு நல்லது, அதை விடவேண்டாம். ஆனால் தொடைக்கு வலு ஏற, பாரம் தாங்கும் வேலையும் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவரை இன்றைக்கே கவனியுங்கள். எழுந்திருக்கும்போது இரண்டு கையாலும் நாற்காலியை ஊன்றித் தள்ளுகிறாரா? உட்காரும்போது கடைசி அரையடி தொப்பென்று விழுகிறாரா? அப்படியானால் கால் வலு குறைகிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். இதயக் கோளாறு, சமீபத்தில் ஆபரேஷன், எலும்பு முறிவு இருந்தால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டோடு, "எப்போ எழுந்து நடக்கலாம், என்ன பயிற்சி செய்யலாம்?" என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ஆரம்பித்தபின் வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பாஸ்டன் பெரியவர்கள் பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் அவர்களுடைய வலு 32 சதவீதம் இறங்கிவிட்டது.