ஊசி மருந்தும் செவித்திறனும்

காசநோயை வென்ற முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943-இல் கண்டறியப்பட்ட அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. கூடவே, சிலரது செவித்திறனையும் பறித்தது. அதே அமினோகிளைக்கோசைடு குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிகாசின் ஆகியவை பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்று உள்ளிட்ட கடும் தொற்றுகளுக்கு இன்றும் தரப்படுகின்றன. உயிர் ஊசலாடும் வேளையில் இவற்றைத் தவிர்க்க இயலாது. ஆனால், காது கேளாமையை அதற்கான விலையாக ஏற்க வேண்டியதில்லை.

உள்காதில் நத்தைக்கூடு போல் சுருண்ட உறுப்பில், ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. இம்மருந்துகள் அவற்றினுள் தங்கி, அவற்றை அழிக்கின்றன. அழிந்தவை மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. பாதிப்பு முதலில் மிக உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை உணரும் பகுதியில் தொடங்கி, பின்னரே பேச்சொலிகளை உணரும் பகுதிக்குப் பரவுகிறது. 'பேசுவது சரியாகக் கேட்கவில்லை' என்று நோயாளி சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது.

வழக்கமான செவித்திறன் பரிசோதனை 8,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அளக்கிறது. இளம்வயதினரின் செவியோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. இந்த இடைவெளியில்தான் முதல் அறிகுறி ஒளிந்திருக்கிறது. உயர் அதிர்வெண் பரிசோதனை அதைக் காட்டிவிடும். பதில் சொல்ல இயலாத குழந்தைகளுக்கு, உள்காதே எழுப்பும் மெல்லொலியைப் பதிவுசெய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனை உதவும்.

மருந்தைத் தொடங்கும்போதே அடிப்படை அளவு எடுக்கப்பட வேண்டும். இல்லையேல் பின்னர் ஒப்பிட ஏதுமிராது. சிகிச்சையின்போதும் முடிந்த பின்னரும் சோதனை தொடர வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் பாதிப்பு வளரக்கூடும். மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் அதன் செயல்பாட்டையும் கவனிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் மருந்தின் அளவை, இடைவெளியை அல்லது மருந்தையே மருத்துவர் மாற்றலாம். காதிரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் நோயாளி உடனே தெரிவிக்க வேண்டும்.

தாய்வழி வரும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம் உடையோருக்கு, வழக்கமான அளவு மருந்தே செவித்திறனைப் பறிக்கக்கூடும். இதனைக் கன்னத்தின் உட்புற மாதிரியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் கண்டறியும் கருவியை மான்செஸ்டர் மருத்துவ ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். அது இல்லாத இடங்களிலும், தாய்வழி உறவினர் எவருக்கேனும் ஊசி மருந்துக்குப் பின் காது கேளாமல் போனதா என்று கேட்கச் செலவில்லை.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு, ஊசிகளைவிட மாத்திரைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை அளித்ததில் இந்தப் பாதிப்புக்கும் பங்குண்டு. ஊசி தவிர்க்க முடியாத இடங்களில் செவிப் பரிசோதனையும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும். தொற்றிலிருந்து மீளும் குழந்தை தாயின் குரலையும் கேட்டு வளர வேண்டும் அல்லவா?