சில்வராடோவுக்கு கேம் மாத்தப் போறீங்களா? 400 டாலர் பார்ட், 3,300 டாலர் பில்

அமெரிக்காவுல, குறிப்பா டெக்சாஸ் பக்கம் வேலைக்குப் போன நம்ம பசங்க சில பேர், கொஞ்சம் செட்டில் ஆனதும் ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கிடறாங்க. 5.3 லிட்டர் வி8 எஞ்சின் போட்ட ஷெவர்லே சில்வராடோன்னா கேக்கவே வேணாம். வாங்கின கொஞ்ச நாள்ல அடுத்த ஆசை வரும். சிக்னல்ல நிக்கும்போது வண்டி சும்மா 'தட தட'ன்னு குலுங்கிக்கிட்டு நிக்கணும்! அதுக்கு பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட் போடணும். ஆன்லைன்ல பார்த்தா 400 டாலர்தான். சம்பளம் வந்த வாரம் கார்டைத் தேய்க்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

அந்த 400 டாலர் எப்படி வளருது, தினமும் ஆபீஸ் போற வண்டிக்கு எந்த மாதிரி கேம் சரிப்படும்னு இந்தப் பதிவுல பார்க்கலாம். மாத்தவே கூடாதுன்னு சொல்ல வரலை. ஒரு சூழ்நிலையில மாத்தறதுதான் புத்திசாலித்தனம். அதையும் சொல்றேன்.

எஞ்சினுக்குள்ள காத்தும் பெட்ரோலும் வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. அதை எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும்னு முடிவு பண்றது கேம்ஷாஃப்ட்ல இருக்கிற முட்டை வடிவ மேடுகள். விக்கிறவங்க மூணு நம்பர் சொல்லுவாங்க. ட்யூரேஷன்னா வால்வு திறந்திருக்கிற நேரம், டிகிரி கணக்குல. லிஃப்ட்னா எவ்வளவு உயரம் திறக்குதுன்னு, அங்குலத்துல. மூணாவது லோப் செபரேஷன், அதாவது ரெண்டு வால்வோட மேடுகளுக்கும் நடுவுல இருக்கிற கோணம். இந்தக் கோணம் குறைஞ்சா ரெண்டு வால்வும் ஒரே சமயத்துல திறந்திருக்கிற நேரம் கூடும். அப்போ ஐடில்ல எரிஞ்ச புகை புதுக் காத்தோட கலந்து, எஞ்சின் ஒழுங்கா எரிய முடியாம திணறும். நாம ஆசைப்படற அந்த சத்தம் இந்தத் திணறல்தான்!

ட்யூரேஷன் கூடக்கூட எஞ்சினோட பலம் மேல் ஆர்பிஎம் பக்கம் நகரும். இதுதான் எல்லாரும் கோட்டை விடற இடம். 2000-களோட தொடக்கத்துல வந்த 5.3 எஞ்சின்ல 285 குதிரைத்திறன் கிடைச்சது 5,200 ஆர்பிஎம்ல. டார்க் உச்சத்துக்குப் போறது 4,000-ல. ஆனா ஹைவேல மணிக்கு 70 மைல்ல போகும்போது உங்க டிரக் 2,000 ஆர்பிஎம்ம ஒட்டித்தான் ஓடும். ஊருக்குள்ளயும் கிட்டத்தட்ட அப்படித்தான். கம்பெனி கேமோட ட்யூரேஷன் 190 டிகிரி பக்கம். அதை எடுத்துட்டு 228, 230-ன்னு ஒண்ணைப் போட்டா, லாபம் முழுக்க 4,500-க்கு மேல. தினமும் நீங்க ஓட்டற 2,000-ல இழுவை குறையும். வருஷத்துக்கு ரெண்டு நாள் வர்ற விருந்தாளிக்காக 12 மாசமும் மூணு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை கட்டற கதைதான்.

அதனால தினசரி வண்டின்னா, என் கணக்குல, 205-லருந்து 212 டிகிரி வரைக்கும் ட்யூரேஷன், 112-க்குக் குறையாத லோப் செபரேஷன் போதும். இந்த அளவுக்கு கம்பெனி டார்க் கன்வர்ட்டரே தாங்கும். பெருசாப் போனா அதையும் மாத்தணும், பிரேக் பூஸ்டருக்குப் போற வேக்குவமும் குறையும். ட்ரெய்லர் இழுக்கறவங்க இன்னும் சின்னதாவே பாருங்க. சத்தம் கம்மியாத்தான் இருக்கும், என்ன பண்றது!

இப்போ பில்லுக்கு வருவோம். விலை கடைக்குக் கடை மாறும், நான் ஒரு நடுத்தரக் கணக்கு போடறேன். கேம் 400 டாலர். லிஃப்ட் கூடினா பழைய வால்வ் ஸ்பிரிங் தாங்காது, புதுசு 250. புஷ்ராட் 150. டைமிங் செயின், ஆயில் பம்ப், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 300. மெக்கானிக் கூலி 1,400. கேம் மாத்தினதும் வண்டியோட கம்ப்யூட்டரை ட்யூன் பண்ணியே ஆகணும், அது 600. ஆயில், கூலன்ட், வரின்னு ஒரு 200. மொத்தம் 3,300. இதை 22 சதவீத வட்டி கார்டுல போட்டுட்டு மாசம் 150 டாலர் கட்டினா, முடிக்க 29 மாசம் ஆகும். வட்டி மட்டும் 950 டாலருக்கு மேல. பெட்ரோலும் இருக்கு. கேலனுக்கு 16 மைல் கொடுத்த வண்டி 15-க்கு இறங்கினா, வருஷம் 12,000 மைலுக்கு 50 கேலன் கூடுதல். 3 டாலர்னு வெச்சாலும் 150.

2007-க்கு அப்புறம் வந்த சில்வராடோ 5.3-ஆ? பெரும்பாலும் அதுல ஏஎஃப்எம் இருக்கும். தேவையில்லாதப்போ நாலு சிலிண்டரை நிறுத்தி வைக்கிற ஏற்பாடு. அந்த நாலு சிலிண்டருக்கு லிஃப்டரே தனி ரகம், சாதாரண பெர்ஃபார்மன்ஸ் கேமோட ஒத்துப் போகாது. லிஃப்டரை மாத்தணும்னா சிலிண்டர் ஹெட்டைக் கழட்டணும். ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட் எல்லாம் புதுசு. 3,300-ங்கிற கணக்கு இங்க செல்லாது, சுலபமா 5,000-ஐத் தாண்டும்.

ஆனா நான் முதல்ல சொன்ன அந்த சூழ்நிலை இதே இடத்துலதான் இருக்கு. இந்த ஏஎஃப்எம் லிஃப்டர் பழுதாகறது ரொம்பப் பிரபலமான பிரச்சனை. பழுதாச்சுன்னா கேமையும் அரைச்சு விட்டுடும். வாரண்டி முடிஞ்ச வண்டின்னா எஞ்சினைப் பிரிக்கிற கூலியை எப்படியும் நீங்க கட்டித்தான் ஆகணும். அப்போ நல்ல கேமுக்கு ஆகற கூடுதல் செலவு, விலை வித்தியாசமும் ஸ்பிரிங்கும் ட்யூனும் மட்டும்தான். ஆயிரம் டாலர் பக்கம் முடியும். நம்ம சேனல்ல அடிக்கடி சொல்ற மார்ஜினல் காஸ்ட் இதேதான். கேம் ஆசை இருக்கிறவங்க இப்பவே மாசம் 100 டாலர் தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வைங்க. லிஃப்டர் போனா ரிப்பேருக்கு ஆச்சு, போகலைன்னா காசு உங்களுதுதான்.

வாரண்டி இருக்கிற வண்டின்னா தொடவே தொடாதீங்க. ஷெவர்லேயோட பவர்டிரெயின் வாரண்டி 5 வருஷம் அல்லது 60,000 மைல். வெளிப் பார்ட் போட்டதுக்காக மட்டும் வாரண்டியை ரத்து பண்ண முடியாதுன்னு 1975-லயே சட்டம் வந்திருக்கு, உண்மைதான். ஆனா நீங்க மாத்தறது எஞ்சினோட நடுப் பகுதியை. அதனாலதான் பழுதுன்னு அவங்க சொல்றது ரொம்ப சுலபம்.

புகை விதி மாநிலத்துக்கு மாநிலம் வேற. கலிபோர்னியாவுல கேமுக்கு ஏஆர்பி கொடுத்த இஓ நம்பர் இருக்கணும். 2021 ஜூலைலருந்து ஸ்மாக் செக்ல கம்ப்யூட்டர் மென்பொருளை மாத்தியிருக்கீங்களான்னும் பார்க்கறாங்க. டெக்சாஸ்ல 2025-லருந்து சொந்த வண்டிக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, ஆனா ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின் பக்கத்து கவுண்டிகள்ல புகை டெஸ்ட் அப்படியே இருக்கு. எந்த மாநிலமா இருந்தாலும், புகையைக் கட்டுப்படுத்தற கருவியைக் கழட்டறதும் செயலிழக்க வைக்கறதும் மத்திய சட்டப்படியே தப்பு. இஓ நம்பர் இருக்கிற கேமா பார்த்து வாங்கினா இந்தத் தலைவலி பாதி குறையும்.

எச்1பி-ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள டிரக்கை விக்க வேண்டியிருக்கலாம். டீலர்கிட்ட கொண்டு போனா கேமுக்காக ஒரு டாலர் கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டாங்க, குலுங்கற எஞ்சினைப் பார்த்துட்டு குறைச்சுத்தான் கேப்பாங்க.

இதையெல்லாம் தாண்டியும் செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, கேமை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ட்யூன் பண்ணப் போறவர்கிட்ட பேசுங்க. ஆக்சில் ரேஷியோ, டயர் சைஸ், தினமும் எத்தனை மைல், ட்ரெய்லர் உண்டா இல்லையான்னு சொல்லிட்டு, அவர் சொல்ற கேமை வாங்குங்க. கூலி, ட்யூன் ரெண்டுக்கும் எழுத்துல கொட்டேஷன் கேளுங்க. வண்டி குறைஞ்சது ஒரு வாரம் கடையில நிக்கும், அந்த வாரம் ஆபீசுக்கு எப்படிப் போவீங்கன்னும் யோசிச்சு வைங்க. வாடகைக் கார்னா அதுவும் பில்லுலதான் சேரும். பழைய கேமையும் கம்பெனி ட்யூன் ஃபைலோட ஒரு காப்பியையும் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க.