மக்க மறுப்பதே அதன் சிறப்பு

"பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் போட்டால் களை இல்லை, தண்ணீரும் மிச்சம். அறுவடை முடிந்து கிழிந்த ஷீட்டை என்ன செய்வது?" தக்காளி போடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வரப்பில் போட்டுக் கொளுத்துவதுதான் இப்போது நடக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள்.

செம்மறி ஆட்டு ரோமத்தைப் பாய்போல அழுத்திச் செடியைச் சுற்றி விரித்தாலும் களைக்கு வெளிச்சம் கிடைக்காது. மண்ணின் ஈரமும் காயாது. ஷீட் செய்யாத ஒன்றையும் ரோமம் செய்கிறது: உரமாகிறது. சுத்தமான கம்பளியில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதை லேசில் விட்டுத் தராது.

என்னை ஈர்த்தது இந்தப் பிடிவாதம்தான். எங்கள் குப்பைக்குழியில் காய்கறித் தோலெல்லாம் மண்ணான பிறகும் தலைமுடி மட்டும் சுருள்சுருளாகக் கிடக்கும். முடியும் ரோமமும் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைத்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுக்கச் சில நுண்ணுயிர்களால்தான் முடியும். அதனால் சத்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது.

இங்கிலாந்தில் யார்க்‌ஷைர் விவசாயிகளுக்கு இது பழைய சங்கதி. வேக்ஃபீல்டு பக்கம் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடி பயிராகிறது. இரண்டு வருடம் வெளியில் வளர்த்து, வேரோடு பெயர்த்து இருட்டுக் கொட்டகையில் வைப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தண்டு பறிப்பார்கள். இருட்டில் செடிக்கு ஆகாரம் வேரில் சேர்த்து வைத்ததுதான். அந்தச் சேமிப்புக்கு நிதானமாக ஊட்டும் உரம் வேண்டும். பக்கத்து ஆலைகளின் கம்பளிக் கழிவு அதற்குக் கைகொடுத்தது.

அதே நாட்டில் இன்று பல பண்ணைகளில் ரோமம் கத்தரிக்கும் கூலிகூட விற்பனையில் தேறுவதில்லை. 2020-ல் விலை சரிந்தபோது சிலர் எரித்தே விட்டார்கள். நம் தக்காணத்து ஆடுகளின் முரட்டு ரோமத்துக்கும் வாங்க ஆளில்லை. கத்தரித்த இடத்திலேயே எறிகிறார்கள். ஒருபக்கம் பிளாஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே, ஆடு வருடந்தோறும் தருவதைக் குப்பையாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

வாசகருக்கு ஒன்று: தமிழ்நாட்டில் மேச்சேரி போன்ற ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது, கோயமுத்தூர்க் குறும்பை ஆட்டுக்கு உண்டு. ஏக்கர் முழுக்க விரிக்க அது போதாது. மரக்கன்றுகளின் அடியில் தொடங்குங்கள். ரோமத்தில் ஒட்டிய களை விதைகளை முதலில் உதறிவிடுங்கள். காற்றில் பறக்காதபடி மேலே கொஞ்சம் மண் போடுங்கள்.