ஊட்டிக் கிழங்கின் லாபம் விதையில்தான்

மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஊட்டி உருளைக்கிழங்குக்குத் தனி மதிப்பு. செம்மண் ஒட்டிய 45 கிலோ மூட்டைகள் வந்து இறங்க இறங்க, பெரியது, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்து விற்கிறார்கள். வெளிமாநிலக் கிழங்கைவிட இதற்குப் பெரும்பாலும் விலை கூடுதல். அப்படியும் நீலகிரியில் உருளை விளைந்த எத்தனையோ தோட்டங்களில் இன்று கேரட் நிற்கிறது.

காரணம் விதைச்செலவு. ஏக்கர் நெல்லுக்கு 20, 30 கிலோ விதை போதும். உருளைக்கு ஒரு டன் வேண்டும். 25 மூட்டை நட்டவர், ஒன்றுக்கு எட்டாக 200 மூட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விதைக்கிழங்கு, கறிக்கிழங்கைப்போல இரு மடங்கு விலை என்றால், 50 மூட்டையின் பணம் விதைக்கே சரி. உரம், மருந்து, கூலி, சாக்கு, லாரி வாடகை, மண்டி கமிஷன் அத்தனையும் மிச்சமுள்ள 150 மூட்டையிலிருந்துதான் வரவேண்டும். மூடுபனியோடு இலைக்கருகல் நோய் இறங்கி விளைச்சல் 100 மூட்டையாகிவிட்டால், பாதி வெள்ளாமை விதைக்கடனுக்கே போய்விடும்.

மலை விவசாயிக்குக் காலம் ஒரு துணை. வட இந்தியாவில் மார்ச் வாக்கில் அறுவடை முடிந்து கிழங்கு குளிர்பதனக் கிடங்குக்குப் போகிறது. குளிரில் நாள்படக் கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிக் கிழங்கு இனிக்கும். ஆடி, ஆவணியில் மலையிலிருந்து புதுக்கிழங்கு இறங்கும்போது ருசி தெரிந்தவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்.

ஆனால் மண்ணுக்குள் ஒரு எதிரி இருக்கிறது. 1961இல் ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு வேரை உறிஞ்சிச் செடியைக் குன்றவைக்கும். கடுகைவிடச் சிறிய அதன் கூட்டுக்குள் முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் உருளை போட முடியாது. கோஸ், கேரட், பூண்டு என்று மாற்றியாக வேண்டும். இந்தப் புழு பரவக்கூடாதென்று நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலம் போக 1971இல் தடை வந்தது. விதை விற்றுச் சம்பாதிக்கும் வழியும் அதோடு அடைபட்டது.

புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985இல் வந்தது. பிறகு குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி. ஊட்டியை அடுத்த முத்தொரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ரகம் இருந்தால் போதாது. நோயில்லாத விதையாக, நடவுக்கு முன்னால், கட்டுப்படியாகும் விலையில் அது சிறு விவசாயி கைக்குக் கிடைக்கவேண்டும். அரசு மானியத்தை முதலில் விதைக்குத் தரட்டும்.